மண்ணுக்கு ஒன்று

பூமியின் தென்பாதியில் கோடை உச்சமான பிப்ரவரி பிறந்து பத்து நாளாகியும் சமையலறை ஜன்னலில் ஒரு ஈ இல்லை. வேறொரு கோடையாக இருந்திருந்தால் நெரிஸ் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பாள். வேலிக்கு அப்பால், போன வருடத்துச் சாணம் புழுவோ வண்டோ தொடாமல், வறட்டி தட்டிப் போட்டது போல வட்டம் வட்டமாக, குளம்புத் தடம்கூட அழியாமல் கிடப்பதைப் பார்த்தபின் அந்த நிம்மதி வரவில்லை.

அடுப்பருகே கம்பளியில் நாய் ஃப்ளாஸ் நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாள் முன்பு அவள் கணவன் டௌகல் மாடுகளின் முதுகில், தோல் வழியே உள்ளே இறங்கும் குடற்புழு மருந்து ஊற்றினான். மந்தை பின்னால் போன நாய் வழக்கம்போல, மருந்து கலந்து வெளியேறிய சூடான சாணத்தைத் தின்றது. இப்போது எழ முடியவில்லை. கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. அவள் குரல் கேட்டால் மட்டும் வாலால் தரையை இருமுறை தட்டும். பதினோரு வருடப் பழக்கம்.

கால்நடை மருத்துவன் ஹேமி காலையிலேயே போனில் சொல்லிவிட்டான். "இதுக்கு மாத்து மருந்து கிடையாது, ஆன்ட்டி. இந்த ஜாதி நாய்ங்களுக்கு நேரா மூளைக்கு ஏறிடும். ஆமா, மிச்ச மருந்தை எங்க கொட்டுறீங்க? வெயில் பட்டா சிதைஞ்சிரும். நிழல்ல, குளிர்ல, மண்ணோட ஒட்டிக்கிட்டுக் கிடக்கும்."

அவள் போனை வைத்துவிட்டாள். கொட்டகைக்குப் பின்னால் சைப்ரஸ் மரங்களின் நிழலில் வெயிலே படாத மூலை ஒன்று உண்டு. இருபது வருடமாக டௌகல் மிச்சத்தை அங்கேதான் கவிழ்ப்பான். "மாட்டுக்கு ஒண்ணு, மண்ணுக்கு ஒண்ணு!" என்று சிரிப்பு வேறு. மண் இளகியிருப்பதால் நாய்களைப் புதைப்பதும் அங்கேதான்.

இப்போது அங்கிருந்து மண்வெட்டிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. இந்தப் பண்ணையில் நாயைத் துடிக்க விடுவதில்லை. துப்பாக்கியையும் கொண்டுபோயிருந்தான்.

சத்தம் நின்றது.

"நெரிஸ்! இங்க வா."

அவன் குரல் போலவே இல்லை. ஃப்ளாஸைத் தனியே விட மனமில்லாமல் கம்பளியோடு தூக்கிக்கொண்டு போனாள். வெட்டிய மண்ணில் மண்வாசனை இல்லை. மருந்து நெடி. ஒரு மண்புழு இல்லை, ஒரு வேர் இல்லை.

குழிக்குள் க்ளென் கிடந்தது. ஃப்ளாஸின் தகப்பன். ஒன்பது வருடம் முன்பு அவளே அழுதுகொண்டு புதைத்தது. சிவப்புக் கழுத்துப்பட்டை. ஒரு முடி உதிரவில்லை. மூக்கு ஈரமாக இருந்தது.

"பழைய இடத்தையே தோண்டிட்டியா?"

"எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" டௌகலின் உதடு வெளுத்திருந்தது. "நான் நட்ட கல்லு அங்க நிக்குது பாரு. பத்தடி தள்ளித்தான் தோண்டினேன்."

அவள் கல்லைத் திரும்பிப் பார்த்தாள். ஃப்ளாஸ் நழுவி இறங்கியது. நின்றது. மூன்று நாளாக நிற்க முடியாத கால்கள். தடுமாறாமல் நடந்தது. நேராகக் குழிக்கு.

"ஃப்ளாஸ்! வேணாம்டி, வா!"

திரும்பவில்லை. இறங்கி, தகப்பன் பக்கத்தில் படுத்தது. வாலால் தட்டியது. தொம். தொம்.

டௌகல் துப்பாக்கியை எடுத்தான். குழல் ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாயிடம் திரும்பியது.

"எதைச் சுடுறது, நெரிஸ்?"

அவள் குனிந்து பார்த்தாள். ஃப்ளாஸின் வால் ஓய்ந்துவிட்டது. வயிறும் அசையவில்லை. பக்கத்தில் க்ளெனின் வால் உயர்ந்தது.

தொம். தொம்.