பால்வீதிச் சம்பந்தம்

பொதுக் கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் பெண்ணும் பையனும் எதிரெதிரே நின்று ஒருமுறை கண் சிமிட்டிக்கொண்டார்கள். புதுத்தொண்டி விண்குடியிருப்பில் பெண் பார்ப்பது அவ்வளவுதான். காதுமடலுக்குப் பின்னால் அரிசியளவில் பதித்திருந்த பொருத்தச் சில்லுகள் அந்த ஒரு சிமிட்டலில் முப்பத்தாறு விவரங்களைப் பரிமாறிக்கொண்டன: ரத்த வகை, பரம்பரை நோய்கள், குடலில் வாழும் நுண்ணுயிர்கள், கோபம் தணிய ஆகும் நேரம், குறட்டையின் உரப்பு. முப்பத்தாறும் பொருந்தியதாகச் சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நப்பின்னைக்கும் ஓரிக்கும் அதில் வியப்பு இல்லை. மூன்று வருடமாக வானலை நிலையத்தில் அடுத்தடுத்த நாற்காலிகளில் வேலை பார்ப்பவர்கள். ஓரி அலைவாங்கிகளைத் திருப்புவான். அவற்றில் வந்து விழும் குறிகளை நப்பின்னை படித்துச் சொல்வாள். அவன் குறட்டையைக்கூட அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள்.

சில்லுகளுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்பதற்காகப் பெண்ணின் அப்பா சாத்தப்பன் தொண்டையைக் கனைத்தார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. நம்ம பால்வீதி சிதறாம ஏன் சுத்துது?"

நப்பின்னை கண்ணை மூடிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். பால்வீதியின் ஓரத்தில் இருக்கும் விண்மீன்கள் ஓட வேண்டிய வேகத்தைவிட மிக வேகமாக ஓடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் என்றால் அவை எப்போதோ பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு நிறை சுற்றிலும் இருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார்கள் சிலர். அதெல்லாம் ஒன்றும் இல்லை, ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டும் என்றார்கள் வேறு சிலர். பூமியில் இது அறிஞர்களின் கருத்து வேறுபாடாக இருந்தது. புதுத்தொண்டிக்கு வந்து ஆறு தலைமுறை ஆனபின் மறைநிறையார், திருத்தத்தார் என்று இரண்டு கூட்டமாகி, முன்னவர் குடியிருப்பின் மேல் வளையத்திலும் பின்னவர் கீழ் வளையத்திலுமாகக் குடியிருந்தார்கள். தனித்தனி மின்தூக்கி. கொள்வினை கொடுப்பினை கிடையாது. பூமியை விட்டுக் கிளம்பும்போது எடை அதிகம் என்று எத்தனையோ சாமான்களைக் கழித்துப் போட்டவர்கள், இதை மட்டும் மறக்காமல் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஓரி வாயைத் திறப்பதற்குள் அவன் அம்மா உலகம்மை முந்திக்கொண்டார். "இதுல கேக்க என்ன இருக்கு? தூரம் போகப் போக ஈர்ப்பு வேற மாதிரி வேலை செய்யுது. எங்க வீட்டுல பால்குடிப் பிள்ளைக்கும் தெரியுமே!"

சாத்தப்பன் எழுந்து நின்றார். "அப்போ நீங்க கீழ் வளையமா?"

"நீங்க மேல் வளையம்னு எங்ககிட்டயும் யாரும் சொல்லலையே!" என்று உலகம்மையும் எழுந்தார். இருவரும் தத்தம் பிள்ளைகளை முறைத்தார்கள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் உக்காருங்க," என்றாள் நப்பின்னை. "தூதி இன்னும் மூணு மாசத்துல பதில் அனுப்பிடும். யார் சொல்றது சரின்னு அதுவே சொல்லட்டும். தோத்தவங்க ஜெயிச்சவங்க பேச்சை ஒத்துக்கிட்டு, கல்யாணத்தை நடத்திக் குடுக்கணும். சம்மதமா?"

தூதி என்பது பதினெட்டு வருடங்களுக்கு முன் புதுத்தொண்டியார் அனுப்பிய ஆளில்லாக் கலம். விண்வெளியை மடித்து மடித்துத் தாவி, பால்வீதியின் தட்டை விட்டுச் செங்குத்தாக மேலே போய், எவரும் பார்த்திராத உயரத்தில் நின்று குனிந்து பார்த்து, மடித்த வழியாகவே பதில் அனுப்ப வேண்டும் என்பது அதற்கு இட்ட வேலை.

"சம்மதம்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். தோற்கப்போவது எதிராளிதான் என்பதில் இருவருக்கும் துளி சந்தேகம் இல்லை. மறுநாளே சாத்தப்பன் கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு செய்யப் போனார். அதே தேதியில் அதே மண்டபத்தை உலகம்மை ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தார்.

தூதியின் குறி ஒரு காலை வேளையில் வந்தது. முதலில் வந்தது படம். நப்பின்னையும் ஓரியும் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப்போட்டுப் பார்த்தார்கள். நடுவில் தடித்து, ஓரம் சல்லடையாக மெலிந்து, அப்போதுதான் சட்டியில் ஊற்றிச் சுழற்றிய ஆப்பம் போலப் பால்வீதி மொத்தமும் திரையில் கிடந்தது. அதன் ஓரத்தில், ஊசி முனையளவுகூட இல்லாத ஓர் இடத்தில் இரண்டு வளையங்களும் மண்டபமும் அவர்களும்.

"எவ்ளோ அழகா இருக்குல்ல?" என்றான் ஓரி.

பிறகு அளவீடுகள் வந்தன. நப்பின்னை மூன்று முறை படித்தாள்.

"ஓரி, மறைநிறைன்னு ஒண்ணு இல்லவே இல்ல."

"ஐயோ. அப்போ எங்கம்மா ஜெயிச்சுட்டாங்களா?"

"இல்ல. ஈர்ப்பு விதியும் மாறல, எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதான். அந்த விண்வெளிதான் மொத்தமா சுத்துது. விண்மீன் எதுவும் வேகமா ஓடல. ராட்டினத்துல உக்காந்திருக்கற குழந்தைங்க மாதிரி சும்மா உக்காந்துட்டுப் போகுது."

ஓரி நாற்காலியில் சாய்ந்தான். "யாரும் ஜெயிக்கலைன்னா கல்யாணத்துக்கு ரெண்டு பேருமே ஒத்துக்க மாட்டாங்க. உங்கப்பா ஜெயிச்சதா சொல்லிடு. அம்மாவை நான் சமாளிச்சுக்கறேன்," என்றான்.

"அதையேதான் நானும் யோசிச்சேன். உங்கம்மா பேரைச் சொல்லிடலாம்னு." நப்பின்னை திரையைப் பார்த்தாள். "ஆனா இதைப் பாத்துட்டு எப்படிடா பொய் சொல்றது?"

அவனாலும் முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அவனை அவளுக்குப் பிடித்ததே அதனால்தான்.

அன்று மாலை மண்டபத்தில் மேல் வளையம் வலப்பக்கமும் கீழ் வளையம் இடப்பக்கமும் திரண்டிருந்தன. நப்பின்னை மேடையேறி உள்ளதை உள்ளபடி சொன்னாள். படத்தைக் காட்டினாள். அளவீடுகளை ஒவ்வொன்றாக விளக்கினாள். ராட்டினத்தையும் சொன்னாள். கல்யாணம் இனி இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சாத்தப்பன் மெல்ல எழுந்தார்.

"அந்தக் கலத்துல ஏதோ கோளாறு," என்றார்.

இடப்பக்கத்திலிருந்து உலகம்மை துள்ளி எழுந்தார். "அதையேதான் நானும் சொல்ல வந்தேன் சம்பந்தி! வெளி சுத்துதாம், வெளி! இதைக் கேட்டா சிரிக்க மாட்டாங்களா?"

"பதினெட்டு வருஷம் குளிர்ல கெடந்தா எந்தக் கருவிதான் ஒழுங்கா வேலை செய்யும்? சொல்லுங்க சம்பந்தி."

"உங்க மறைநிறையாவது ஒரு நியாயம். இது என்ன கூத்து!"

"உங்க திருத்தத்தை நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா அதுல ஒரு கௌரவம் இருக்குங்க."

ஆறு தலைமுறையில் முதல்முறையாக இரண்டு வளையங்களும் ஒன்றாகச் சிரித்தன. யாரோ நடுவில் இருந்த தடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார்கள். மேல் வளையத்துக் கிழவர் ஒருவர் கீழ் வளையத்துக்காரரைக் கட்டிக்கொண்டு, "நாம என்ன அவ்வளவு முட்டாளாய்யா?" என்று கண்கலங்கினார்.

கல்யாணம் அடுத்த வாரமே நடந்தது. நாகசுரம் முழங்க, ஓரி தாலி கட்டும்போது சாத்தப்பனும் உலகம்மையும் தோளோடு தோள் நின்று அட்சதை போட்டார்கள். பந்தியில் இரண்டு வீட்டுச் சமையலும் ஒரே இலையில் விழுந்தது. பாயசம் பரிமாறும் நேரத்தில் சாத்தப்பன் எழுந்து, இரு வளையங்களும் சேர்ந்து தொடங்கிய தூதி மறுப்புச் சங்கத்தின் முதல் தீர்மானத்தைப் படித்தார்.

"புதுசா ஒரு கலம் அனுப்பப் போறோம். இந்தத் தடவை சரியான பதில் சொல்ற மாதிரி செஞ்சு அனுப்பணும். அந்தப் பொறுப்பை என் மகளும் மாப்பிள்ளையும்தான் எடுத்துக்கணும்!"

மண்டபம் அதிரக் கைதட்டல். ஓரி மணப்பெண்ணின் பக்கம் குனிந்தான்.

"பின்னை, இதுவும் அங்க போய் அதையேதானே சொல்லும்?"

"சொல்லும். ஆனா போய்ச் சேர இன்னும் பதினெட்டு வருஷம் ஆகும்." நப்பின்னை பாயசத்தை ஒரு மடக்கு குடித்துவிட்டு, மேடையில் கைகோத்து நின்ற அப்பாவையும் மாமியாரையும் பார்த்துச் சிரித்தாள். "கொஞ்சம் மெதுவாவே செய்வோம், ஓரி."