இரவல் விரல்

பெட்டியைக் கீழே வைத்ததும் அவன் முதலில் மூக்கைத்தான் பொத்திக்கொண்டான்.

"என்ன சித்தப்பா, எங்கயோ பழம் அழுகிக் கிடக்குற மாதிரி இருக்கு?"

"பிளீச்சிங் வாசனைடா. ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடம்னா அப்படித்தான். போகப் போகப் பழகிடும்."

பிளீச்சிங் வாசனை அவனுக்குத் தெரியாதா என்ன. அது ஆலை வாசலிலேயே கண்ணைக் கரித்தது. இது வேறு. யாரோ கட்டிலுக்கு அடியில் பழத்தட்டை வைத்து மறந்துபோன மாதிரி ஒரு தித்திப்பு. அதற்குள்ளே நகப்பூச்சு அழிக்கிற மருந்தின் நெடி.

சலவை ஆலையின் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது அந்தப் பழைய கட்டடம். ஜன்னல் கிடையாது. சுவரோடு சுவராக ஒரு நீராவிக் குழாய் ஓடியது. பகலிலும் பல்பு எரிந்தது. சித்தப்பாவும் இஸ்திரி அண்ணனும் படுக்கும் அறையில் மூன்றாவது கட்டில் சும்மா இருந்தது; அதை அவனுக்குக் கொடுத்தார்கள். தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் அறை. அதன் கதவில் பூட்டு தொங்கியது.

சித்தப்பாதான் சொல்லிக்கில்லி இந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவர். அப்பா போன பிறகு அவனுக்கு இருந்த ஒரே துணை அவர்தான். வீடியோவில் பார்த்தபோது கன்னம் ஒட்டியிருப்பதை வெளிச்சக் குறை என்று நினைத்திருந்தான். நேரில் பார்த்தால் ஆளே பாதியாக இருந்தார். பெல்ட்டில் புதிதாக ஆணியால் குத்திய ஓட்டைகள்.

"இப்படி இளைச்சுட்டீங்களே."

"சினிமாக்காரன் காசு குடுத்து இளைக்கிறான். எனக்கு இங்க இனாமா நடக்குது." சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். உடனே இன்னொன்று.

மறுநாள் காலை ஆலை வாசலில் சூப்பர்வைசர் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு கைபேசி, சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷின், ஊசிகள். கைபேசியில் கம்பெனியின் ஆரோக்கிய ஆப். வேலையாட்கள் எல்லோருடைய பெயரும் வரிசையாக இருந்தது. பெயரைத் தொட்டு, விரலில் குத்தி, ஒரு சொட்டு வைத்தால் ஆப் வாய்விட்டுச் சொல்லும். பச்சை என்றால் உள்ளே. சிவப்பு என்றால் அன்றைக்கு வேலை இல்லை; தொடர்ந்து சிவப்பு என்றால் ஊருக்கு டிக்கெட்.

அவன் விரலில் குத்தினார்.

"தொண்ணூற்றாறு. பச்சை. பணிக்குச் செல்லலாம்," என்றது ஒரு பெண் குரல், தேன் தடவினாற்போல.

சூப்பர்வைசரின் முகம் தொலைந்த சாவி கிடைத்தவர் முகம் போல மலர்ந்தது. "கையை எடுக்காத தம்பி. இப்பத்தான் உன் வேலையே ஆரம்பிக்குது."

அடுத்து இஸ்திரி அண்ணன் பெயரைத் தொட்டார். குத்தியது அவன் மோதிர விரலில்.

"பச்சை."

"ரொம்ப நன்றிப்பா," என்றார் இஸ்திரி அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டே. "உன் புண்ணியத்துல இன்னைக்கு நான் மாப்பிள்ளை."

இப்படியே சர்க்கரைக்காரர்கள் எல்லோருக்கும் அவன் ரத்தம். கடைசியில் சித்தப்பா பெயர்.

"பச்சை. சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளது. இன்று ஒரு மாத்திரை போதும்."

சித்தப்பா சட்டைப்பையிலிருந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்றை எடுத்து விழுங்கினார். மற்றதைப் பத்திரமாகத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

அவனுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. நடையில் அவரை மறித்தான்.

"சித்தப்பா, அது என் ரத்தம். என் ரத்தத்துக்குச் சொன்ன மருந்தை நீங்க சாப்பிட்டா எப்படி?"

"ஆப்பே சொல்லுதேடா. அதுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போகுது?"

"அது யாரு விரலைப் பார்த்துச்சு? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"கத்தாத. உனக்கு வேலை வேணாமா? எனக்கு வேணும்."

மதியத்துக்குள் ஆலை முழுக்க அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். விரல். "ஏ விரல், அந்த வண்டியைத் தள்ளு." "விரலு, சாப்பிட்டியா? ஒழுங்கா சாப்பிடுப்பா, எங்க பொழப்பே உன் உடம்புலதான் இருக்கு."

சாப்பாட்டு நேரத்தில் இஸ்திரி அண்ணனைப் பிடித்தான்.

"எனக்கு முன்னாடி யாரு விரல் குடுத்தது?"

"லோடு ஏத்துற ஒருத்தன். டெய்லர் போனதும் அவனும் ஓடிட்டான்."

"டெய்லர்னா?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "கிழிஞ்ச விரிப்பெல்லாம் தைக்கிற மனுஷன். நல்ல ஆளு. வாய் ஓயாம தண்ணி குடிப்பான். ஒரு நாள் காலையில எந்திரிக்கல. மூச்சு மட்டும் பெருசு பெருசா இழுத்துச்சு. எழுப்பட்டுமான்னு நாங்க கேட்டோம். சூப்பர்வைசர் போனைப் பார்த்தாரு. 'பச்சைதானே, அசதி, தூங்கட்டும்'னாரு. நாங்களும் போயிட்டோம். சாயங்காலம் வந்து பார்த்தா..."

"எந்தக் கட்டில்ல?"

இஸ்திரி அண்ணன் கையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டார்.

அவன் கட்டிலின் தலைமாட்டில் வைக்கும் தண்ணீர் ஜாடி அன்றிலிருந்து காலியாகத் தொடங்கியது. நிரப்பி வைத்துவிட்டுத் துணி மாற்றித் திரும்பினால் பாதி இருக்காது. சித்தப்பாதான் குடிக்கிறார் என்று நினைத்தான். அவர் ஆலையில் இருந்த பகலிலும் காலியானது.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம்.

டக டக டக டக.

நிற்கும். நூல் அறுப்பதுபோல ஒரு சின்ன 'டிக்'. மறுபடி டக டக டக.

வெளியே போய்ப் பார்த்தான். பூட்டு அப்படியேதான் தொங்கியது. பூட்டின் மேல் தூசி.

பயத்தைவிட அவனுக்குக் கோபம்தான் வந்தது. செத்த பிறகும் ஒரு மனுஷன் ஷிப்டு பார்க்கணுமா?

மறுநாள் மேஜையில் கையை நீட்டியபோது கைபேசியை எட்டிப் பார்த்தான். பட்டியலின் அடியில் ஒரு பெயர் இருந்தது. டெய்லர். அதற்கு நேரே சிவப்பு. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் ஏறியது.

"சார், இவருதான் செத்துட்டாரே. யாரு குத்துறா இவருக்கு?"

சூப்பர்வைசர் கட்டைவிரலால் அந்த வரியை மறைத்தார். கழுத்தில் வியர்வை. "அழிச்சா திரும்பத் திரும்ப வருது. மெஷின் கோளாறு. நீ உன் வேலையப் பாரு."

"அவருக்கு ஏறிக்கிட்டே போகுது சார்."

"செத்தவனுக்கு ஏறினா என்ன, இறங்கினா உனக்கென்ன? கையைக் குடு."

கொடுத்தான். அதுதான் அவனுக்கு ஆறவே இல்லை. வாயில் அத்தனை கோபம் இருந்தும் கை தானாக நீண்டது.

பின்னொரு காலை. இஸ்திரி அண்ணன் குளிக்கப் போயிருந்தார். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது. இதற்கு முன் இத்தனை வேகமாக ஓடியதில்லை. சுவரே அதிர்ந்தது. தலைமாட்டு ஜாடி கடகடவென்று ஆடியது.

சட்டென்று நின்றது.

காதோரம் ஒரு மூச்சு. அந்த அழுகிய தித்திப்பு.

"எழுப்பு."

திரும்பினான். யாரும் இல்லை.

"எழுப்பு."

அப்போதுதான் சித்தப்பாவின் கட்டிலைப் பார்த்தான். எல்லோருக்கும் முன்னால் எழுந்து அடுத்தவனைத் திட்டுகிற மனிதர் இன்னும் படுத்திருந்தார். மார்பு பெரிதாக ஏறி இறங்கியது, ஓடி வந்தவர் மாதிரி. குனிந்தான்.

அவர் வாயிலிருந்து வந்தது அதே வாசனை.

நாற்றத்துக்கு, டெய்லர் செத்துக் கிடந்த தன் கட்டிலை மட்டும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான் அவன். அதே நாற்றம் பக்கத்துக் கட்டிலிலிருந்தும்தான் வந்துகொண்டிருந்தது.

"சித்தப்பா. சித்தப்பா, எந்திரிங்க."

கண் பாதி திறந்தது. ஆள் அதற்குள் இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு சூப்பர்வைசர் வந்தார், கையில் கைபேசியும் மெஷினும். "என்ன, ஆளைக் காணோம்? வாசல்ல எல்லாரும் நிக்கிறாங்க."

"இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். வண்டி சொல்லுங்க."

அவர் கட்டிலைப் பார்த்தார். ஒரு நொடி முகம் வெளுத்தது. பிறகு பழைய முகம் திரும்பிவிட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போனா கேள்வி கேப்பான். கையைக் குடு. பச்சையைப் போட்டுட்டு, தூங்கட்டும் விடு."

"என்ன சொன்னீங்க?"

"தூங்கட்டும்னேன்."

"இதே வார்த்தையைச் சொல்லித்தானய்யா அந்த டெய்லரைக் கொன்ன. இன்னைக்கு என் சித்தப்பாவா? குடுக்க மாட்டேன். உன் விரல்ல குத்திக்க."

சூப்பர்வைசர் பாய்ந்து அவன் மணிக்கட்டைத் திருகினார். ஊசி இறங்கியது. ஒரு சொட்டு.

பெண் குரல் வரவில்லை.

கைபேசிக்குள் யாரோ தண்ணீர் இல்லாத தொண்டையைக் கனைத்தார்கள்.

"நானூத்தி முப்பத்தொண்ணு."

ஆண் குரல். வறண்ட குரல்.

"கோளாறு," என்று முணுமுணுத்த சூப்பர்வைசர் வேறொரு விரலில் குத்தினார்.

"நானூத்தி முப்பத்தொண்ணு."

இன்னொரு விரல். அதே எண். வெறி பிடித்தவர்போலத் தன் விரலிலேயே ஊசியைச் செருகி, சொட்டை வைத்தார்.

மெஷின் எண் காட்டவில்லை.

"எழுப்பு," என்றது கைபேசி.

தலைமாட்டு ஜாடியில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. யாரும் தொடவில்லை. மடக். மடக். மடக். ஒரு தொண்டை விழுங்கும் சத்தம், அவர்கள் இருவருக்கும் நடுவில். கடைசிச் சொட்டு வரை.

பிறகு அவனுடைய கட்டில் கிரீச்சிட்டது. உட்கார்ந்திருந்தவர் எழுந்துகொண்ட மாதிரி மெத்தையின் குழி மெல்ல மேலே வந்தது.

சூப்பர்வைசரின் கையிலிருந்து கைபேசி விழுந்தது. கதவில் தோள் இடித்துக்கொண்டு ஓடினார்.

அவன் ஓடவில்லை. ஓட நேரமில்லை. இஸ்திரி அண்ணனைக் கூப்பிட்டான். ஈரத்தலையோடு வந்த அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழுக்குத் துணி வண்டியில் துவைத்த விரிப்பைப் போட்டு, சித்தப்பாவைத் தூக்கி வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் தினமும் துணி அனுப்பும் ஆஸ்பத்திரிக்கே.

அங்கே நர்ஸ் சித்தப்பாவின் விரலில் குத்தினாள். அவருடைய சொந்த விரலில்.

நானூற்று முப்பத்தொன்று.

"இன்னும் கொஞ்ச நேரம் தூங்க விட்டிருந்தா எழுப்பியே இருக்க முடியாது," என்றார் டாக்டர். "சர்க்கரை முத்தினா மூச்சுலயே இந்த அழுகின பழ வாசனை வரும். இத்தனை நாள் பார்க்கவே இல்லையா?"

"தினமும் பார்த்தாங்க டாக்டர்," என்றான் அவன்.

சித்தப்பா பிழைத்தார். இருவரும் அந்த வேலையை விட்டு, வேறொரு தெருவில் அறை எடுத்தார்கள். அவன் தன் கைபேசியில் ஒரு ஆப் போட்டான். அதில் ஒரே பெயர்தான், சித்தப்பாவுடையது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பார்த்தார்கள். சிவப்பு வந்தால் சிவப்பு. டாக்டருக்கு அப்படியே போய்ச் சேர்ந்தது. அவர் ஊசி மருந்தின் அளவைக் கூட்டிக் குறைத்தார்.

"ஒரு வழியா என் விரலுக்கும் வேலை குடுத்துட்ட," என்று சித்தப்பா சலித்துக்கொள்வார்.

"பின்ன, ஊரான் விரலையே தேய்ச்சுக்கிட்டு இருக்கலாம்னு பார்த்தீங்களா?"

கம்பெனியில் போய்க் கேட்டுப் பார்த்தான். எல்லோருக்கும் பச்சைதான் பதிவாகியிருக்கிறது, எங்கள் மேல் தப்பில்லை என்றார்கள். சூப்பர்வைசரை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஊரின் மறுகோடியில் இருக்கும் அவர்களுடைய இன்னொரு ஆலைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அதை இஸ்திரி அண்ணன் போனில் சொன்னபோது, அவன் பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது.

ஒரு விடுமுறை நாள் மதியம். சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பச்சை, நிஜப் பச்சை. மேஜையில் அவன் வைத்திருந்த கண்ணாடித் தம்ளர் காலியாக இருந்தது.

"நீங்களா குடிச்சீங்க?"

"நான் எந்திரிக்கவே இல்லையே."

கைபேசி தானாக ஒளிர்ந்தது. ஆப் திறந்திருந்தது. சித்தப்பா பெயருக்குக் கீழே இன்னொரு பெயர். அவன் போடாத பெயர், அவனுக்குத் தெரியாத ஆள்.

சமையல்காரர். பச்சை.

உள்ளே யாரோ வறண்ட தொண்டையைக் கனைத்தார்கள்.

"எழுப்பு."

யாரை என்று அவன் கேட்கவில்லை. எங்கே என்றும் கேட்கவில்லை. சூப்பர்வைசரை எங்கே மாற்றினார்கள் என்பது அவனுக்குத் தெரியும். இஸ்திரி அண்ணனிடம் அந்த ஆலைக் குடியிருப்பின் எண்ணை வாங்கி அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒருவர் எடுத்தார்.

"உங்க ரூம்ல சமையல்காரர் ஒருத்தர் இருக்காரா?"

"இருக்காரு. காலையிலேர்ந்து தூங்குறாரு. அசதியாம், சூப்பர்வைசர் எழுப்ப வேணாம்னாரு. யாரு பேசுறது?"

"அவரை இப்பவே எழுப்புங்க. எந்திரிக்கலன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. போனைப் பார்க்காதீங்க, ஆளைப் பாருங்க."

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம். யாரோ யாரையோ உலுக்கும் சத்தம். இன்னொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். அதற்கெல்லாம் பின்னால், இடைவிடாமல், டக டக டக டக.

"அண்ணே," என்றான் அவன் மெதுவாக. "அங்க பக்கத்துல தையல் மெஷின் ஓடுதா?"

"தையல் மெஷினா?" என்றார் அவர். "இங்க ஏதுப்பா தையல் மெஷினு."