ஒருபக்கமாய்த் தேய்ந்த துளை

தாழ்ப்பாள் அன்று ஒரு விரலுக்கே மேலேறியது. இந்த வாடகை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது அப்படி ஏறியதே இல்லை. ஜன்னல் கதவை ஒரு கையால் உள்பக்கம் இழுத்துப் பிடித்து, மறுகையால் குமிழைக் குத்தித் தள்ளினால்தான் கம்பி மேல்சட்டத்துத் துளைக்குள் போகும். போகும்போது பழைய இரும்பு முனகும். இன்று முனகல் இல்லை. தாழிட்ட கதவை அவள் தள்ளிப் பார்த்தாள்; லொடலொடவென்று ஆடியது.

கணவன் போன பிறகு எதுவுமே அவளுக்கு உறைப்பதில்லை. சாப்பாடும் சரி, அடுத்த வீட்டுக்காரியின் ஏச்சும் சரி. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போலத்தான் எல்லாம். மிச்சம் இருந்தது சிட்டு ஒருத்திதான், காய்ச்சலோடு அந்த ஜன்னல் அறையில் படுத்திருக்கும் மகள். அந்த ஜன்னலுக்கோ குறுக்குக் கம்பிகள் இல்லை. எவனாவது ஏறி வந்துவிட்டால் என்ற நினைப்பு மட்டும் அவளுக்கு இன்னும் வலித்தது.

மறுநாள் மதியம் தச்சர் வந்தார். வாயாடி மனுஷன்.

"என்னம்மா, எலி திறக்குதா? இந்தப் பக்கத்து எலி அவ்வளவு படிக்கலையே."

தாழ்ப்பாளைக் கழற்றித் துருவைச் சுரண்டினார். "எண்ணெய் விடாதீங்க, தூசி அப்பிக்கும். கம்பியில மெழுகுவத்தியத் தேய்ச்சா போதும்." பிறகு ஸ்டூலில் ஏறித் துளைக்குள் விரலை விட்டார். விரலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"துளையப் பாருங்க. வெளிப்பக்கமாவே தேஞ்சு நீண்டுபோயிருக்கு."

"காத்தா இருக்கும்ணா."

"காத்துன்னா கதவு முன்னயும் பின்னயும் ஆடும், ரெண்டு பக்கமும் தேயும். இது உள்ள இருந்து தள்ளித் தள்ளித் தேஞ்சது." கட்டில் பக்கம் திரும்பினார். "வாலு, உன் வேலையா?"

சிட்டு சிரிக்கவில்லை. எழுந்து நின்றாலும் ஜன்னலின் கீழ்விளிம்பே அவள் தலைக்கு மேலேதான் இருக்கும்.

தள்ளி என்ற ஒரு சொல்தான் அம்மாவின் காதில் விழுந்தது. எந்தப் பக்கமிருந்து என்பது விழவே இல்லை. "நல்ல கனமா ஒண்ணு போட்டுருங்கண்ணா," என்றாள்.

விரல் தடிமன் கம்பி. புதுத் துளை. நீளத் திருகாணிகள். "ஏத்தினதும் குமிழை ஓரமாத் திருப்பிடணும், இல்லேன்னா தானா இறங்கிடும்," என்று செய்து காட்டினார். "இனிமே யானை வந்தாலும் அசையாது."

சாயங்காலம் மழை பிடித்தது. அறையில் மரத்தூள் வாசனையும் மெழுகு வாசனையும் இருந்தன. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பல நாளுக்குப் பிறகு மனசு கொஞ்சம் லேசாயிருந்தது, அதை நம்பவும் பயமாயிருந்தது. அப்போதுதான் ஜன்னல் பக்கமிருந்து மரம் நெரிபடும் சத்தம் வந்தது. கொஞ்சம் நின்றது. மறுபடி வந்தது. தொங்கிக்கொண்டிருந்த திரைச்சீலை ஒரு இடத்தில் மட்டும் கதவோடு ஒட்டி அமுங்கி, விட்டு, மறுபடி அமுங்கியது. புதுத் தாழ்ப்பாள் இம்மியும் நகரவில்லை.

பிறகு சத்தம் ஓய்ந்தது.

"ஏம்மா இவ்வளவு பெரிசாப் போட்ட?" என்றாள் சிட்டு.

"யாரும் உள்ள வரக்கூடாதுல்ல, கண்ணு."

"அப்ப வெளிய போறவங்க?"

தச்சர் சொன்னது முழுக்க இப்போதுதான் அவளுக்கு எட்டியது. உள்ள இருந்து. தினமும் உள்ளே இருந்துதான் தள்ளியிருக்கிறது. அதைப் போகவிடாமல், மகளோடு சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டியது அவள்தான்.

எழுந்தாள். குமிழைத் திருப்பி இழுத்தாள். கம்பி மெழுகில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கதவை அகலத் திறந்துவிட்டாள். சாரல் முகத்தில் அடித்தது.

"போயிடு," என்றாள். "உன்னக் கெஞ்சிக் கேக்கறேன், போயிடு."

எதுவும் போகவில்லை. "நீ பூட்டிட்டல்ல, இனிமே இங்கேயே இருக்காங்களாம்," என்றாள் சிட்டு.

காற்று இல்லை. கதவு மெல்ல உள்நோக்கி வந்தது. சட்டத்தில் பொருந்தியது. கம்பி மேலேறியது. குமிழ் ஓரமாகத் திரும்பியது.

அவள் ஓரடி பின்வாங்கினாள்.

அவளுக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. திரும்பினாள்.

சிட்டு நகர்ந்து நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தாள், யாருக்கோ இடம் விடுகிறவளாய். அவள் விட்ட இடத்தில் மெத்தை அமுங்கியது. முதலில் ஓரம். பிறகு நீளமாய், தலையணை வரைக்கும்.

போர்வை தானாக ஏறி, இரண்டு பேரையும் மூடியது.