துளை போடக் கூடாத சுவர்

“நிறுத்துங்க... அந்தச் சுவரைத் தொடாதீங்க!”

துளைக் கருவியும் கையுமாக ஏணியில் நின்ற ஷர்மினி திடுக்கிட்டுத் திரும்பினாள். வாசலில், மழையில் தொப்பலாக நனைந்து, ஒரு நெடியவன். நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து சொட்டுச் சொட்டாய் நீர்... அதற்குக் கீழே கோபத்தில் சிவந்த கண்கள். சும்மா சொல்லக் கூடாது, கோபத்திலும் அழகான கண்கள்தான்!

“யாரு நீங்க?”

“இந்த வீட்டை வரைஞ்சவன். மதிவாணன். நீங்க?”

“கெலாங் பாத்தா டவுன்ல செல்லப்பன் ஏர்கோன் கடை தெரியுமா? அவரு மக. வீட்டுக்காரங்க ஆர்டர் கொடுத்தாங்க, மாட்ட வந்தேன்.”

அவன் பார்வை சமையலறைப் பக்கம் பாய்ந்தது. வீட்டுக்காரி புஷ்பவள்ளி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“அலமாக்... இன்னைக்கு நீங்க வர மாட்டீங்கன்னுல்ல நெனைச்சேன் தம்பி!”

“ஏர்கோன் இல்லாமலே குளுகுளுன்னு இருக்கும்னு சொல்லித்தானே ஆன்ட்டி கட்டுறோம்?”

“ஜொகூர் வெயில்லயா?” ஷர்மினி சிரித்தே விட்டாள். “வருசா வருசம் சூடு ஏறிக்கிட்டே போவுது சார்... கனவுல கட்டுறீங்களா?”

“பால் காய்ச்சுற அன்னைக்கு மத்தியானம் இதே கூடத்துல வந்து நில்லுங்க. வேர்த்துச்சுன்னா நானே உங்களுக்கு ஏணி பிடிக்கிறேன்.”

“வேர்க்கலைன்னா இந்தப் பெட்டியை நானே தூக்கிட்டுப் போயிர்றேன்!”

அன்று தொடங்கியது வினை. குழாயை மறந்துவிட்டேன், ஏணியை மறந்துவிட்டேன் என்று ஏதாவது சாக்குச் சொல்லி அவளுடைய வேன் அந்தத் தாமான் குடியிருப்புக்குள் திரும்பிக்கொண்டே இருந்தது. வெயில் படும் மேற்குச் சுவரை இரட்டையாக எழுப்பி நடுவில் இடைவெளி விட்டிருப்பதையும், தரையோரச் சன்னல்கள் காற்றை உள்ளே இழுப்பதையும் அவன் கையை ஆட்டி ஆட்டி விளக்குவான்.

“சூடான காத்து மேல ஏறும்ங்க. கூரைக்குக் கீழ இருக்கிற அந்தச் சன்னல்தான் அதுக்கு வாசல். அதை மூடினா இந்த வீடே அடுப்பு.”

அவள் சன்னலையா பார்த்தாள்? அவன் கண்களையல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள்...

வெளியே சொல்ல முடியுமா? ஏர்கோன் வேண்டாம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவன்மேல் ஏர்கோன் கடைக்காரி ஆசைப்படுவதாவது! ரோஷம் வாயைக் கட்டியது.

அப்போதுதான் வந்து சேர்ந்தாள் அபிகெயில். காற்றையும் வெப்பத்தையும் அளக்கிற பொறியாளர். சனிக்கிழமைதோறும் சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வருவாள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திச் சன்னல் சன்னலாய்ப் பிடிப்பாள். புகை போகும் திசையைப் பார்க்க மதிவாணனும் குனிவான். இரண்டு தலையும் ஒட்டாத குறை!

“அவங்க சர்ச்சுக்குப் போறவங்கதானே? ஊதுபத்தி எதுக்காம்?” வேனிலிருந்தே கேட்டாள் ஷர்மினி.

“காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு நாங்க பாக்குறோம் லா,” என்றான் மதிவாணன்.

நாங்களாமே... நாங்கள்! வேன் கதவை அவள் அறைந்து சாத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பால் காய்ச்சும் நாளும் வந்தது. பக்கத்து மனைகளின் சொந்தக்காரர் திருச்செல்வமும் வந்திருந்தார். இந்த வீடு மனசுக்குப் பிடித்தால் அவருடைய ஆறு வீடுகளும் மதிவாணன் கைக்கு வரும். இல்லையென்றால் தொழிலில் அவன் பேச்சை இனி யார் நம்புவார்கள்?

ஷர்மினி மாம்பழ நிறத்தில் சேலை கட்டி வந்திருந்தாள். அவன் பார்த்தான்... ஒன்றும் பேசவில்லை. அடுத்த நிமிடம், நீலப் பட்டில் வந்து இறங்கிய அபிகெயிலிடம், “சேலை நல்லாருக்கே!” என்றான்.

ஷர்மினி முந்தானையை வெடுக்கென்று இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே வேறு சிக்கல். தரையோரச் சன்னல் காற்று அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்தது. பால் பொங்க வேண்டாமா? “மொதல்ல காத்தை நிறுத்துங்கப்பா!” என்று பதறினார் புஷ்பவள்ளி.

“நான் மூடுறேன் ஆன்ட்டி,” என்றாள் ஷர்மினி.

தரையோரச் சன்னல்களை மூடினாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கூரைச் சன்னலைக் கீழிருந்தே திறந்து மூடுகிற கைப்பிடி கண்ணில் பட்டது... நீலப் பட்டும் கண்ணில் பட்டது. கைப்பிடியைச் சுற்றினாள். மேலேயும் மூடிக்கொண்டது.

பால் பொங்கியது. கீழ்ச் சன்னல்களைத் திறந்துவிட்டார்கள். மேலே யார் பார்த்தார்கள்?

மத்தியானச் சாப்பாட்டில் கூடமே புழுங்கியது. “ஏர்கோன் இல்லாம என்ன வீடு லா இது?” என்று சட்டைப் பொத்தானைக் கழற்றினார் திருச்செல்வம். மதிவாணன் ஒவ்வொரு சுவராகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அந்தக் கண்களில் கோபம் இல்லை... தொலைந்துபோன பிள்ளையின் பார்வை. கடைசியில் அவள் முன்னால் வந்து நின்றான்.

“எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல. ஜெயிச்சிட்டீங்க. வாங்க... ஏணி பிடிக்கிறேன்.”

சொன்னபடி பிடித்தும் நின்றான். இரண்டு படி ஏறினாள். இறங்கினாள். நேராகப் போய்க் கைப்பிடியைச் சுற்றினாள். கூரைச் சன்னல் திறக்க, சாமி மேடை ஊதுபத்தியின் புகை, மேலே தேங்கி நின்றதெல்லாம், வழி கண்டுகொண்டு வெளியே ஓடியது. கூடத்துக்குள் மெல்லக் காற்று நடந்தது.

“வீட்டுமேல குத்தமில்ல சார்,” என்றாள் திருச்செல்வத்திடம், எல்லாரும் கேட்க. “நான்தான் வேணும்னே மூடினேன்.”

சொல்லிவிட்டு வேனை நோக்கி ஓடினாள். தூறல் விழத் தொடங்கியிருந்தது. பின்னாலேயே மதிவாணன்.

“ஏன் இப்படிப் பண்ணீங்க? கடைக்காகவா?”

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்...

“அவங்க சேலை நல்லாருக்குன்னு சொன்னீங்க. நானுந்தானே கட்டிருக்கேன்!”

வாசலிலிருந்து அபிகெயிலின் குரல் வந்தது. “மதி! இந்த வேன் சத்தம் கேட்டாலே ஊதுபத்தியை என் கையில திணிச்சிட்டு ஓடுவீங்கள்ல? அதைச் சொல்லுங்க லா!”

அவன் காது மடல் சிவந்தது. “உங்க சேலையைப் பாத்தேன்... பாத்ததும் பேச்சு வரல. உங்களைப் பிடிச்சிருக்கு ஷர்மினி. எனக்குன்னு ஒரு வீடு வரைஞ்சிட்டு இருக்கேன். அதுல ஒரு சுவர்ல மட்டும் துளை போட இடம் விட்டிருக்கேன்.”

“ஏர்கோனுக்கா... நீங்களா?”

“செல்லப்பன் கடைக்குப் பொண்ணு கேட்டு வரப்போறவன், வேற என்ன செய்ய?”

உள்ளே திருச்செல்வம் பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தூறல் அவள் இமையில் தங்கியது. துடைக்கவில்லை.

“துளையெல்லாம் வேணாம். எனக்கும் உங்களைத்தான்... அந்த மேல் சன்னல் கைப்பிடி மட்டும் என்கிட்ட இருக்கட்டும்.”

“மறுபடி மூடிர மாட்டீங்களே?”

“அது... சனிக்கிழமை யார் வர்றாங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்!”