கோபமே வராதவள்

"பாப்பாவ இப்பதானே கூட்டிட்டுப் போன?" என்றாள் கீழ்வீட்டு அக்கா. "என்னைக்கும் இல்லாம நின்னு சிரிச்சுப் பேசிட்டு வேற போன. மறுபடி எங்கேருந்து வர்ற?"

பேருந்தை விட்டு இறங்கி நேராக இங்கேதான் வருகிறாள். அவள் வேலை முடிந்து வருகிறவரை மகள் இந்த அக்கா வீட்டில்தான் இருப்பாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். மகளின் பையும் இல்லை, செருப்பும் இல்லை.

"யாருக்கா... எப்படி இருந்தாங்க?"

"உனக்கு என்ன ஆச்சு? நீதான். நல்லா இருந்த."

மாடிப்படியில் விளக்கு எரியவில்லை. ஈரச் சுவரின் வாடையும் எந்த வீட்டிலோ காய்ந்துகொண்டிருந்த எண்ணெயின் வாடையும் கலந்து தொண்டையைப் பிடிக்க, இருட்டில் கைப்பிடியைத் தடவிக்கொண்டு ஏறியவளுக்கு, வழியெல்லாம் கைபேசியில் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்த ஆளுமைத் தேர்வின் முடிவு வேண்டாத நேரத்தில் நினைவுக்கு வந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் அழைப்பை எடுத்துப் பேசும் வேலை அவளுக்கு. கண்காணிப்பாளர் பதவி காலியானதும் நிர்வாகம் எல்லோருக்கும் அந்தத் தேர்வை வைத்தது. பக்கத்து இருக்கைக்காரி காதைக் கடித்தாள்: "உண்மையச் சொன்னா உருப்பட்ட மாதிரிதான். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே பண்றாங்க. அவங்களுக்கு எது பிடிக்குமோ அதுல டிக் அடி."

அடித்தாள். ஒரு கேள்விக்குக்கூட அவள் அவளாக இருந்து பதில் சொல்லவில்லை. வந்த முடிவில் கோபமே வராத ஒருத்தி இருந்தாள். எல்லோரிடமும் கலகலப்பாகப் பழகுவாள். எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்வாள். இவளுக்கோ மூக்கு நுனியில் கோபம். நேற்றுகூடப் பாலைக் கொட்டியதற்காகப் பாப்பாவின் முதுகில் இரண்டு வைத்தாள். படிக்கப் படிக்க அந்த இன்னொருத்தி மேல் பொறாமை வந்தது. இப்படி ஓர் அம்மா கிடைத்தால் பாப்பா அவளை விட்டு நகருவாளா என்று நினைத்துத் தனக்குள் சிரித்தும் வைத்தாள்.

வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கூடத்தில் இருட்டு. படுக்கையறைக் கதவுக்கு அடியில் மட்டும் வெளிச்சம்.

"ஏம்மா நிலா நம்ம கூடவே வருது?" மகளின் குரல்.

ஒரு குரல் பதில் சொன்னது. அவளுடைய குரல். மெல்ல, பொறுமையாக. மகள் மறுபடி அதையே கேட்டாள். குரல் மறுபடி சொன்னது. நடுவில் சிரித்தது. தன் குரலில் அப்படி ஒரு சிரிப்பை அவள் கேட்டதே இல்லை.

"பாப்பா."

பேச்சு நின்றது.

"கதவத் திற பாப்பா. அம்மா வந்திருக்கேன்."

"பாவம், கூப்பிடறாங்களே," என்றது உள்ளிருந்த குரல். "திறக்கட்டுமா கண்ணு?"

"வேணாம்மா. அவங்க அடிப்பாங்க."

கோபம் வர வேண்டிய நேரம். வரவில்லை. பயம்தான் வந்தது. மண்டியிட்டாள். கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தாள்.

கதவை ஒட்டி இரண்டு பாதங்கள். கட்டைவிரலில் சொத்தை நகம். அவளுக்கு இருப்பது போலவே. பக்கத்தில் பாப்பாவின் பாதங்கள்.

"இனிமே அம்மா அடிக்க மாட்டேன்டா. சத்தியமா."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

சின்னப் பாதங்கள் மெல்ல நகர்ந்து, அந்தப் பாதங்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டன.