தலைமாட்டுப் பலகை

ஊசி பலகையைத் தொடவில்லை. ஆனாலும் சிவப்பு விளக்கு எரிந்தது.

சுடர்விழி குனிந்து பார்த்தாள். ஊசி முனைக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. இறங்கி வந்த மெஷின், அந்தரத்தில் எதிலோ முட்டிக்கொண்டது போல நின்று, சற்று மேலே ஏறி, விளக்கைப் பச்சைக்கு மாற்றிவிட்டுக் காத்திருந்தது.

மரத்தில் உருவம் செதுக்கும் சின்ன சி.என்.சி. மெஷின் அது. திருக்கோகர்ணத்தில், அவள் வீட்டு முன்னறையில், ஷட்டருக்குப் பின்னால் ஒரு மேசை அளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கண் கிடையாது. பலகை எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை இந்த ஊசிதான் தொட்டுத் தொட்டுச் சொல்ல வேண்டும். முனை எதிலாவது பட்டு இம்மி சாய்ந்தாலும் அதன் தலையிலுள்ள விளக்கு சிவப்பாகும்; விட்டால் பச்சை. ஊசி சொல்லும் உயரத்தில்தான் பிட் என்ற வெட்டுமுனை செதுக்கத் தொடங்கும். இரண்டு மில்லிமீட்டர் தப்பாகச் சொன்னால் போதும், செதுக்கும் முகத்துக்கு மூக்கு இருக்காது.

இந்தப் பலகையில் அப்படி ஆகக் கூடாது. இதற்கு மாற்றுப் பலகை இல்லை.

திருவரங்குளத்திலிருந்து சந்தோஷ்குமார் அதைப் பழைய வேட்டியில் சுற்றி வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா கண்ணுசாமி கை கால் விழுந்து ஒரு வருஷம் படுத்திருந்த பெஞ்சு. அதன் தலைமாட்டை மட்டும் அறுத்து எடுத்து வந்திருந்தார். நாளைக்கு முதல் வருஷத் தெவசம். அதற்குள் அப்பாவின் முகத்தை அதே பலகையில் செதுக்கித் தர வேண்டும்.

"கண்ணும் தொண்டையும் மட்டுந்தான் பாப்பா அசையும் அவருக்கு," என்றார். "ஆனா அந்தக் கண்ணு இருக்கே, நாம எங்கிட்டுப் போனாலும் பின்னாடியே வரும். எம்பொண்டாட்டி அந்த ரூமுக்குக் காப்பி கொண்டு போறதையே விட்டுட்டா." சிரித்தார். பிறகு, "போட்டோ மாதிரி வேணாம். அவர் மாதிரி வரணும்" என்றார்.

அவளுக்கு வந்த முதல் வேலை அது. இது சரியாக வராவிட்டால் மெஷினைக் கொடுத்துவிட்டு, மாமா பார்த்து வைத்திருக்கும் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். சரி என்று தலையாட்டியிருந்தாள். எதற்கும் அவளுக்கு அதுதான் பதில்.

மத்தியானம் மூன்று மணி. வீட்டில் எல்லோரும் ஆவுடையார்கோவிலில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். தெருவில் டவுன் பஸ் போகும்போதெல்லாம் ஷட்டர் தகடு அதிர்ந்து அடங்கியது. அதன் இடுக்கு வழியே விழுந்த வெயில் கோட்டில் நேற்றைய மரத்தூள் மிதந்தது. பலகையிலிருந்து தைலமும் வியர்வையும் கலந்த ஒரு வாடை, இழைப்புளி போட்ட பிறகும் போகாமல், மூடிய அறையின் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

ஒயரில் கோளாறாக இருக்கும். கழற்றி மாட்டினாள். பலகை, அதை நகராமல் நிறுத்தும் எல்-கட்டையை ஒட்டி இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தாள். நான்கு கிளாம்பையும் இறுக்கினாள். கல்லூரி ஆய்வகத்தில் பழகியபடி, ஒரே புள்ளியைப் பத்து முறை தொட வைத்து, பலகைக்கு மேல் எத்தனை மில்லிமீட்டரில் ஊசி நிற்கிறது என்று தாளில் எழுதினாள்.

31. 33. 31. 33. 31.

கோளாறு என்றால் எண்கள் தாறுமாறாக வர வேண்டும். இவை ஏறி இறங்கின. ஒரே சீராக.

போன் அடித்தது.

"என்ன பாப்பா, பலகையில எங்கப்பா வந்துட்டாரா?" சந்தோஷ்குமார்தான்.

"இன்னும் இல்லண்ணே. அளவு எடுத்துக்கிட்டு இருக்கேன்."

"ஏன், கொரலு ஒரு மாதிரியா இருக்கு?"

சொல்லலாம். என்ன என்று சொல்வது?

"ஒண்ணும் இல்லண்ணே. தூசி."

"காலைல ஆறு மணிக்கு வாரேன். ஏழு மணிக்கெல்லாம் படைக்கணும். கைவிட்டுறாத."

பலகை முழுவதையும் அளக்கச் சொல்லி மெஷினை ஓடவிட்டாள். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி. ஊசி இறங்கியது, வெறும் காற்றில் நின்றது, ஏறியது, நகர்ந்தது. டக். டக். டக். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திரையில் மேடும் பள்ளமும் வரிவரியாக வளர்ந்தன. முதலில் கீழ் ஓரத்தில் ஒரு முண்டு. பிறகு ஒரு சரிவு. பிறகு ஒரு விளிம்பு.

தாடை.

தண்ணீரில் காது வரை அமிழ்ந்து மல்லாந்து கிடக்கும் ஓர் ஆளின் முகம் போல அது பலகையிலிருந்து மேலே எழுந்தது. உதடு. மூக்கு. ஒட்டிய கன்னம். மூடிய இரண்டு இமைகள். அவள் பத்து முறை தொட்ட புள்ளி தாடைக்குக் கீழே இருந்தது. தொண்டையில்.

மெஷின் மேல் காலிப் பலகைதான் இருந்தது. வெயில் கோடு அதன் மீது நேராக விழுந்திருந்தது.

இடது இமையின் புள்ளியை மட்டும் இன்னொரு முறை தொட வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அளவு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஊசி இறங்கியது. தொட்டது.

சற்று முன் இருந்ததைவிட இரண்டு மில்லிமீட்டர் பள்ளம்.

மூடியிருந்த இமை அங்கே இல்லை.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மெஷின் அசையாமல் நின்றது. தெருவில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள்.

வெகுநேரம் கழித்து மவுசைத் தொட்டாள். நான்கு மூலையையும் நடுப்புள்ளியையும் அளக்கச் சொன்னாள். ஊசி இந்த முறை முழுக்க இறங்கி, மரத்தைத் தொட்டு, டொக் என்று நின்றது. ஐந்து இடத்திலும்.

0. 0. 0. 0. 0.

மட்டமான பலகை. அதில் ஒன்றுமே இல்லை. கண்ணில் நீர் வந்தது. ஒயர்தான். ஒயரேதான். இப்போதே தொடங்கினால் விடிவதற்குள் முடித்துவிடலாம். ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, பிட்டை மாட்டுவதற்காக ஊசியைக் கழற்றிக் கையில் எடுத்தாள். ஒயர் தொங்கியது. பச்சை விளக்கு.

தைல வாடை.

பலகையிலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து.

சிவப்பு.

ஊசி முனை காற்றில்தான் இருந்தது. கையை இடப்பக்கம் திருப்பினாள். சிவப்பு. வலப்பக்கம். சிவப்பு. பின்னால் நகர்ந்தாள். ஷட்டர் முதுகில் இடித்தது. ஒயர் இழுபட்டது. கையை மார்போடு ஒட்டிக்கொண்டாள்.

பச்சை.

தன் முகத்துக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில், ஊசி முனையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிவப்பு. பச்சை. சிவப்பு. பச்சை. ஒரே சீராக.

பிறகு சிவப்பு. மாறவில்லை.

வெறும் காற்றில், ஊசி முனை மெல்ல மெல்ல அவள் பக்கமாகச் சாய்ந்தது.