ஐந்தருவிக் குரங்கும் அடுப்படி டிஸ்க்கும்

இசக்கிச்செல்வியின் குரலை இன்றைக்கே பதிவு செய்தாக வேண்டும். அவளுடைய அப்பாவுக்கு வாசுதேவநல்லூரில் வேலை கிடைத்திருந்தது. தென்காசி வீட்டுச் சாமான்கள் எல்லாம் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன.

பள்ளியின் சுதந்திர தின விழாவுக்கு ஓர் ஒலி நாடகம். குற்றாலம் ஐந்தருவியில் பையைப் பறிக்கும் குரங்காக இசக்கிச்செல்வி. பையைப் பறிகொடுக்கும் பெண்ணாக அவளுடைய தோழி சனோபர். அந்தக் குரங்குக் குரல் சனோபருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

சனோபரின் வீட்டில் அவள் அண்ணன் ஹுஸைஃபா லேப்டாப்பைத் திறந்தான். அதில் இடமே இல்லை. எல்லாம் கல்லூரிப் பாடம் என்றான். பாதி கிரிக்கெட் என்பது சனோபருக்குத் தெரியும்.

பழைய பென் டிரைவைச் செருகினார்கள். பாதிப் பேச்சிலேயே பதிவு நின்றுவிட்டது.

“இது ஆமை மாதிரி எழுதும். நீங்க பேசுத வேகத்துக்கு வராது,” என்ற ஹுஸைஃபா, பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்து வந்தான். மவுஸையும் மைக்கையும் சேர்த்து மாட்டியிருந்த ஹப்பில் மாட்டியபோது, மின்சாரம் போதாமல் அது டிக் டிக் என்றது, ஓடவில்லை. லேப்டாப்பிலேயே நேராக மாட்டியதும் ஓடியது.

பதிவைப் போட்டுக் கேட்டார்கள். பின்னால் ‘ர்ர்ர்’ என்று ஒரு சத்தம்.

“குரங்கு கிரைண்டர் பக்கத்துல நின்னு பேசுத மாதிரி இருக்கு,” என்றாள் சனோபர்.

“டிஸ்க்குக்கு உள்ள தட்டு சுத்துதுல்லா, அந்தச் சத்தம்,” என்றான் ஹுஸைஃபா.

சாரல் காலத்தில் அந்த வீட்டில் தீப்பெட்டி முதல் அப்பளம் வரை நமத்துப் போகாமலிருக்கத் துணி சுற்றி டப்பாவுக்குள்தான் போகும். ஹுஸைஃபா அதே பழக்கத்தில் டிஸ்க்கையும் துண்டில் சுற்றி எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து மூடினான். சத்தம் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் பதிவும் அடங்கியது. டிஸ்க்கைத் தொட்டால் சுட்டது.

“செல்வி, லாரி கெளம்பப் போவுது,” என்று தெருவிலிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது.

“அஞ்சு நிமிசம்மா,” என்ற இசக்கிச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. “விடுட்டி. வேற யாராவது பேசட்டும்.”

சனோபர் டிஸ்க்கின் வயரைப் பார்த்தாள். ஒரு சாண்கூட இல்லை. மைக்கின் வயரைப் பார்த்தாள். கல்யாண வீட்டு மைக் செட்டுக்காரரிடம் வாங்கி வந்தது. சுருள் சுருளாகத் தரையில் கிடந்தது.

“அண்ணே, டிஸ்க்கை எதுக்கு அடைச்சு வைக்கணும்? அதும் லேப்டாப்பும் அடுப்படியில இருக்கட்டும். மைக்கு மட்டும் இங்கன இருக்கட்டும். கதவைச் சாத்திருவோம்.”

ஹுஸைஃபா தலையைச் சொறிந்தான். பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

“நீ எதிர்ல இல்லாம எப்படிட்டி பேசுவேன்?” என்று கேட்டாள் இசக்கிச்செல்வி.

“என் பையை வைக்கேன். அதுட்டப் பேசு. என் பகுதியை நான் பெறவு பேசிக்கிடுதேன்.”

சனோபர் அடுப்படியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். குரங்கு மிரட்டியது, கெஞ்சியது, சிப்ஸைக் கொறித்தது. இரைச்சல் துளியும் இல்லை. டிஸ்க்கும் சூடாகாமல் காற்றாட ஓடியது. சனோபர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வசனம் முடிந்தது. பதிவு இன்னும் ஓடுவது இசக்கிச்செல்விக்குத் தெரியாது. அவள் பையைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

“போயிட்டு வாரேன்ட்டி. அங்கன யாரும் என்னைச் சேத்துக்கலைன்னா என்ன செய்ய?”

ஹெட்போனில் சனோபருக்கு அது கேட்டது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

“ஏட்டி, நீ எதிர்ல இல்லாம எனக்கும் பேச வராது. ஞாயித்துக்கிழம வாசுதேவநல்லூருக்கே வந்து என் பகுதியைப் பேசுதேன். அங்கன உள்ள பிள்ளைகளையும் கூப்பிட்டு வையி. குரங்குக் கூட்டத்துக்கு ஆள் வேணும்.”

இசக்கிச்செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

“லேப்டாப்பு, டிஸ்க்கு, இம்புட்டு வயரு. பஸ்ஸுல யாரு தூக்குவா?” என்றான் ஹுஸைஃபா.

இரண்டு பேரும் அவனையே பார்த்தார்கள்.